இரும்பில் கேட்டது, காற்றில் கேட்கவில்லை

பழைய காரின் இன்ஜினுக்குள் இருக்கும் அழுக்கு முழுக்க அழுக்கு அல்ல; பாதி அழுக்குதான் அந்த இன்ஜினைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாற்பது வருஷமாகச் சொல்கிறேன். யார் காதில் ஏறுகிறது? எல்லோர் கையிலும் போன். போனில் ஒருவன் சிந்தெடிக் ஆயில் ஊற்று என்கிறான், இன்னொருவன் ஊற்றாதே என்கிறான். இரண்டு பேரும் வாழ்நாளில் ஒரு போல்ட்டைக் கழற்றியதில்லை.

பூனாவில் கட்கி பஜாருக்குப் பின்னால் என் கராஜ். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்தேன், இங்கேயே கிரீஸ் பூசிக்கொண்டேன். என்னோடு தத்தா. மராத்திக்காரன், முப்பது வருஷக் கூட்டாளி. அவன் என்னிடம் தமிழ் பழகினான், நான் அவனிடம் மராத்தித் திட்டுகள் பழகினேன். இந்த ஊரில் தமிழன் என்றால் 'அண்ணா'. என்னைவிட மூத்தவனும் அண்ணா என்றுதான் கூப்பிடுவான்.

இதெல்லாம் போன மழைக்காலத்தில் நடந்தவை. பழைய காரை வைத்துக்கொண்டு, தினம் காலை குனிந்து தரையில் சொட்டு தேடுகிறீர்களே, உங்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பேச்சை நிறுத்திய வண்டி

கராடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் கார்த்திக், கோயம்புத்தூர்க்காரர். இருபது வருஷப் பழைய சிவப்புக் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, அதற்கு சிந்தெடிக்தான் வேண்டும் என்று நின்றார். விளக்கினேன். சாதா ஆயில் கெட்டி. சிந்தெடிக் மெலிசு, எந்த இடுக்கிலும் நுழையும், போகிற வழியெல்லாம் கழுவும். புது இன்ஜினுக்கு நல்லதுதான். இருபது வருஷ இன்ஜினில் ரப்பர் சீல் எல்லாம் கருவாடாகக் காய்ந்திருக்கும். அதன் வெடிப்புகளை அடைத்துக்கொண்டிருப்பதே பழைய ஆயிலின் கசடு. அதைக் கழுவி எடுத்தால் வீடு ஒழுகத்தானே செய்யும்? அவர் போனைக் காட்டினார். ஊற்றிவிட்டேன். எனக்கென்ன.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலை. குனிந்து டயர் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து திரும்பினேன். என் முதுகுக்கு இரண்டடி தள்ளி அந்தச் சிவப்புக் கார் நிற்கிறது. உள்ளே அவர். எப்போது வந்தது? நாற்பது வருஷத்தில் ஒரு கார்கூட எனக்குத் தெரியாமல் என் பின்னால் வந்து நின்றதில்லை. கேட்டைத் தாண்டுவதற்குள் எந்த வண்டி, யாருடையது, என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். இன்ஜின் அணைந்திருக்கிறதோ என்று பானட்டில் கை வைத்தேன். சூடு. கைக்குக் கீழே அதிர்கிறது. ஓடிக்கொண்டிருக்கிறது! அவரோ ஜன்னல் வழியே தலையை நீட்டிக் குஷியாகக் கத்தினார்: "நீங்க ஆயில் ஊத்துனதுல இருந்து வண்டி பேசறதே இல்லீங்க அங்கிள்!"

டீச்சரின் நீலக் கார்

கிரேஸ் டீச்சரும் எங்கள் வேலூர்ப் பக்கம்தான். மூன்று தலைமுறையாக இந்தக் கன்டோன்மென்ட்டில் இருக்கும் குடும்பம். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். அவருடைய நீலக் காரைப் பத்தொன்பது வருஷமாக நான்தான் பார்க்கிறேன். கணவர் டேனியல் சாருக்குச் சர்க்கரையில் கால் போயிற்று, பிறகு சிறுநீரகம் போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் ஹடப்சர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். ஆட்டோவில் அவரால் ஏற முடியாது. இந்தக் காரின் முன்கதவில் தடுப்புப் பட்டையை நான் கழற்றிவிட்டிருக்கிறேன். கதவு முழுசாக விரிந்து திறக்கும். சக்கர நாற்காலியிலிருந்து அப்படியே சீட்டுக்குச் சறுக்கிவிடுவார். ஒரு முறை தவறினால் முகம் வீங்கும். இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டும். ஆக, அந்தக் கார் நின்றால் அந்த மனிதரும் நின்றுபோவார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டீச்சர் அந்தச் சிவப்புக் காரைப் பார்த்துவிட்டார். டயாலிசிஸ் முடிந்து திரும்பி வரும்போது சாருக்குத் தலைவலி தாங்கவில்லை, இன்ஜின் சத்தம் இடிக்கிறது, அதே ஆயிலை இதற்கும் ஊற்றுங்கள் என்றார். வேறு யாராக இருந்தாலும் விரட்டியிருப்பேன். டீச்சர் கேட்டார், ஊற்றினேன். அது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு வாரத்தில் வந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் பத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரிந்த அந்த டக-டக-டக, வீட்டு ஆளின் நடைபோலப் பழகிய அந்த வால்வுச் சத்தம், இல்லை. அரிசி புடைப்பதுபோல மெலிசாக ஒரு சரசரப்பு மட்டும். வீட்டுக்குள் தெரிந்த ஒருவர் வேறொருவரின் குரலில் பேசினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நான் பானட்டை மூடாமல் நின்றதைப் பார்த்து டீச்சர் சொன்னார்: "சத்தம் குறைஞ்சா நல்லதுதானே மேஸ்திரி, ஏன் பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?"

ஸ்க்ரூட்ரைவர்

எங்கள் தொழிலில் இன்ஜினுக்கு நாடி பார்க்க ஒரு வழி உண்டு. நீளமான ஸ்க்ரூட்ரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்த வேண்டும். உள்ளே நடப்பதெல்லாம் மண்டைக்குள் கேட்கும். எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: தட்டல் இரும்பில் மட்டும் கேட்டால் கவனி, காற்றிலும் கேட்டால் வண்டியை நிறுத்து. இந்தச் சட்டத்தை வைத்துத்தான் நாற்பது வருஷம் ஓட்டினேன். நான் சரி என்று அனுப்பிய வண்டி நடுரோட்டில் நின்றதே இல்லை.

அடுத்த வாரம் டீச்சரின் காரில் ஸ்க்ரூட்ரைவரை வைத்தேன். டொக். டொக். டொக். அடிவயிற்றிலிருந்து வருகிற தட்டல். பூட்டிய அறைக்குள் இருந்து யாரோ கதவைத் தட்டுகிறமாதிரி. ஸ்க்ரூட்ரைவரை எடுத்தேன். ஒன்றுமில்லை, சரசரப்பு. வைத்தேன், டொக். எடுத்தேன், ஒன்றுமில்லை. வாய் கட்டப்பட்ட ஒருவன் உள்ளே கிடக்கிறான், நான் தொடும்போது மட்டும் கத்துகிறான். இந்த ஆயில் நோயைத் தீர்க்கவில்லை, அதன் வாயை மூடிவிட்டது என்று தீர்மானித்தேன். தத்தாவைக் கூப்பிட்டு, "வெச்சுக் கேளுடா, உள்ள தட்டுது" என்று ஸ்க்ரூட்ரைவரை நீட்டினேன். அவன் என்னையும் இன்ஜினையும் மாறி மாறிப் பார்த்தான். வாங்கிக்கொள்ளவில்லை. மடையன் மாதிரி ஒரு கேள்வி கேட்டான்: "ஸ்க்ரூட்ரைவர் எதுக்கு அண்ணா?"

ஜீப்காரர்

அந்த மழைக்காலத்தில் பூனாவுக்கே யாரோ சிந்தெடிக் ஊற்றிவிட்டதுபோல் இருந்தது. பஸ்கள் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றன. கரண்டில் ஓடுகிற பஸ், அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். கராஜின் தகரக் கூரையில் மழை விழுவது தெரிந்தது, இரைச்சலைக் காணோம். பாசி பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் கவனித்தேன். ஓடுகிற காருக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறவர்கள் எல்லோரும் கத்தினார்கள். சத்தமே இல்லாத வண்டிக்குப் பக்கத்தில் எதற்கு இந்தக் கத்தல்? மனிதர்களுக்கு என்ன ஆயிற்று?

கடக்வாஸ்லா பக்கத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு சுபேதார் டீசல் ஜீப் கொண்டுவருவார். அது வந்தால் பஜாரில் நாய்கள் எழுந்து ஓடும். அன்று அந்த ஜீப்பும் பூனைபோல வந்து நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. "சுபேதார் சாப், உங்களுக்கும் எவனோ சிந்தெடிக் ஊத்திட்டான். சாதாவுக்கு மாறுங்க. சத்தமில்லாத வண்டியை நம்பாதீங்க" என்றேன். அவர் ஜீப்பைப் பார்த்தார். தத்தாவைப் பார்த்தார். தத்தா தரையைப் பார்த்தான். சுபேதார் ஹிந்தியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "அண்ணா, இது போடுற சத்தத்துக்குப் பயந்துதான் என் பெண்சாதி மூணு வருஷமா இதுல ஏறலை!"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அன்று அவரிடம் பேசவில்லை.

நிறுத்தின இன்ஜின்

ஒரு மத்தியானம். டீச்சர் நீலக் காரைக் கழுவ விட்டுவிட்டுப் போயிருந்தார். தத்தா ஓரமாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்து பாக்ரி ரொட்டி தின்றுகொண்டிருந்தான். வெளியே நல்ல வெளிச்சம். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அந்தத் தட்டல் என்னை விடவில்லை. எழுந்துபோய் ஸ்க்ரூட்ரைவரை இன்ஜினில் வைத்து, எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டேன்.

டும். டும். டும். இந்த முறை மெதுவாக. ஈரமாக. இரும்பு இரும்பில் மோதுகிற சத்தமில்லை இது. மாவு மூட்டையை யாரோ நிதானமாகக் குத்துகிறமாதிரி. நான் மூச்சைப் பிடித்தேன், அது வேகமெடுத்தது. பயந்தேன், இன்னும் வேகமெடுத்தது. நான் என்ன நினைக்கிறேன் என்று அதற்குத் தெரிந்திருந்தது. "டேய், இன்ஜினை ஆஃப் பண்ணு, ஐடிலிங்கே சரியில்ல!" என்று கத்தினேன். தத்தா வாயில் இருந்ததை விழுங்கினான். எழுந்து வந்தான். என் முகத்துக்கு நேராக நின்று, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: "அண்ணா, வண்டி ஓடலை, சாவி என் பாக்கெட்டுல இருக்கு."

மறுபடியும் சாதா

மறுநாளே நீலக் காரின் சிந்தெடிக்கை வடித்துக் கொட்டினேன். பத்தொன்பது வருஷமாக ஊற்றிய அதே கெட்டி ஆயில், அதே தரம். புது ஃபில்டர். இனி அடைத்துவைத்த சத்தம் திரும்பி வரும், வந்தால் எது எங்கே என்று பார்த்துக்கொள்ளலாம். இதுதான் என் கணக்கு. சாவியைத் திருப்பினேன். பானட்டுக்கு மேல் காதை நீட்டிக்கொண்டு நின்றேன், ரயிலுக்கு நிற்கிறவன்போல.

வரவில்லை. அதே சரசரப்பு. ஆயில் பழையபடி ஆகிவிட்டது, சத்தம் மட்டும் எங்கோ போனது போனதுதான். ஸ்க்ரூட்ரைவரை வைத்தால் மட்டும் உள்ளே டொக், டொக், முன்னைவிடக் கனமாக. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு ஒரு தரம் மினுக்கியது. பழைய வயரிங் என்று விட்டுவிட்டேன். தத்தா இன்ஜினின் அடித்தட்டை, நாங்கள் சம்ப் என்போம், அதை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றான். இறக்கினால் இரண்டு நாள் வேலை. மறுநாள் காலை டேனியல் சாருக்கு டயாலிசிஸ். வேறு வண்டி இல்லை. காற்றில் கேட்கவில்லை, ஓடும், சார் போய் வரட்டும் என்றேன். முப்பது வருஷத்தில் என்னை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவன் அன்று ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னான்: "அண்ணா, ஆயிலை மாத்தி மாத்தி ஊத்துறதை விடுங்க, உள்ள எதுவோ செத்துட்டு இருக்கு."

விரல்கள்

காலை எட்டு மணி. ஹடப்சர் போகிற வழியில் ஒரு தரம் காட்டிவிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். டீச்சர் ஓட்டி வந்தார், பக்கத்தில் டேனியல் சார். இன்ஜின் ஓடட்டும் என்று சொல்லிப் பானட்டைத் திறந்தேன். காற்றில் ஒன்றுமில்லை. இரும்பில் தட்டல். என் சட்டப்படி போகலாம். பானட்டை மூடி இரண்டு தட்டுத் தட்டி, "போயிட்டு வாங்க டீச்சர், ஒரு சத்தமும் இல்ல" என்றேன்.

தத்தா காருக்கு முன்னால் வந்து நின்றான். இரண்டு கையையும் பானட்டில் ஊன்றிக்கொண்டான். நகரச் சொன்னேன், நகரவில்லை. அவனிடம் கற்ற திட்டு அத்தனையையும் அவனுக்கே திருப்பிக் கொடுத்தேன். அப்போதும் நகரவில்லை. கண்ணில் தண்ணீர். டீச்சர் என்னவோ கத்தினார். எதிர்க்கடைத் தையல்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து நின்று காரையே பார்த்தார். சுவரில் இருந்த காக்கை எழுந்து பறந்தது. என் காலடியில் வாளித் தண்ணீர் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் டேனியல் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடி, இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சத்தமே இல்லாத காருக்குள்.

அந்தக் கணத்தை என்னால் சரியாக எழுத முடியவில்லை. தெருவே ஒரு சத்தத்துக்குள் நின்றுகொண்டிருந்தது, நான் ஒருவன் மட்டும் அதற்கு வெளியே நின்றேன். செத்துப்போனவன் தன் தெருவைப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும்போல. ஊமையானது காரும் அல்ல, ஜீப்பும் அல்ல, மழையும் அல்ல. நான்தான் செவிடாகியிருந்தேன். அதை ஆயிலின் தலையில் போட்டு, இரண்டு மாதமாக ஊருக்கே உபதேசம் செய்திருந்தேன். டீச்சர் சாவியைத் திருப்பி நிறுத்தினார். இறங்கி என் அருகே வந்து, முகத்தோடு முகம் வைத்துக் கேட்டார்: "மேஸ்திரி, நிஜமாவே உங்களுக்குக் கேட்கலையா?"

கதவில்லாத கார்

அழுவதற்கு நேரமில்லை. ஒன்பது மணிக்குள் டேனியல் சார் ஹடப்சரில் படுக்கையில் இருக்க வேண்டும். முந்தின தடவை மழை வெள்ளத்தால் டயாலிசிஸைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம், முகம் ஏற்கெனவே ஊதியிருந்தது. கராஜில் நின்றது கார்த்திக்கின் சிவப்புக் கார் ஒன்றுதான். நான் சொன்னபடியே சீல் ஒழுக ஆரம்பித்து, புதுசு போட்டு முடித்த வண்டி. ஆனால் அதன் கதவு பாதிதான் திறக்கும். சாரை எந்தப் பக்கம் திருப்பினாலும் முழங்கால் இடித்தது. தத்தா என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். கீல் போல்ட் நான்கையும் கழற்றிக் கதவையே எடுத்துச் சுவரில் சாய்த்தான். சாரைத் தூக்கி வைத்து பெல்ட் மாட்டினோம். தத்தா ஓட்ட, டீச்சர் பின்சீட்டிலிருந்து குடையை முன்பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டார். தூறலில் கதவில்லாத சிவப்புக் கார் போனதைப் பஜாரே பார்த்தது.

அதற்குப் பிறகுதான் வண்டிக்காரரிடம் கேட்கவில்லையே என்று ஞாபகம் வந்தது. கார்த்திக்குக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். போனைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினால் எனக்கு நன்றாகக் கேட்கிறது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். அவர் சொன்னார்: "கதவு கிடக்குதுங்க அங்கிள், ஆளை மொதல்ல கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க."

சல்லடை

சார் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். தத்தா திரும்பி வந்ததும் நீலக் காரின் சம்ப்பை இறக்கினோம். சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அதைக் காணவில்லை. கறுப்பாக ஒரு கட்டிதான் தெரிந்தது, தீய்ந்த அல்வா மாதிரி. சிந்தெடிக் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. பத்தொன்பது வருஷக் கசடை உரித்தது. வெளியே ஒழுகுவதற்குப் பதில் எல்லாம் கீழே இறங்கிச் சல்லடையை அடைத்தது. ஒரு பட்டாணி அளவு ஓட்டை மிச்சம். அந்த ஓட்டை வழியாகத்தான் இன்ஜின் குடித்துக்கொண்டிருந்தது. பேரிங் செம்பு தெரியும்வரை தேய்ந்திருந்தது. ஹடப்சர் வேண்டாம், ஆற்றுப் பாலத்தையே தாண்டியிருக்காது. அங்கே, அந்தப் போக்குவரத்துக்கு நடுவில், அந்த மனிதரை வைத்துக்கொண்டு.

புத்திமதி வேண்டுமென்றால் இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய இன்ஜினுக்கு ஆயில் வகையை மாற்றினால், சீக்கிரமே ஒரு தரம் சம்ப்பை இறக்கிச் சல்லடையைப் பாருங்கள். ஒழுகவில்லையே என்று மகிழாதீர்கள். நான் மகிழ்ந்தேன்.

தட்டல் எப்போதிலிருந்து கேட்டது என்று தத்தாவிடம் கேட்டேன். அவன் சல்லடையைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்: "பதினெட்டு நாளா, அண்ணா. முதல்ல நீங்க விளையாடறீங்கன்னு நினைச்சேன், அப்புறம் எனக்குத்தான் இல்லாத சத்தம் கேட்குதோன்னு பயந்துட்டேன்."

டாக்டரிடமும் ஒன்று இருக்கிறது

காது டாக்டர், சின்ன வயதுப் பெண், மராத்திக்காரர். ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் காதுக்கு முன்னால் பிடித்தார். ஒன்றுமில்லை. அதன் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கோயில் மணிபோலக் கேட்டது. நான் சிரித்துவிட்டேன். நாற்பது வருஷமாக நான் செய்கிற வேலை இது, இவர் படித்துவிட்டுச் செய்கிறார்.

சிறு வயதில் சீழ் வடிந்த காது, சவ்வு கிழிந்து, உள்ளே எலும்புச் சங்கிலி இறுகிப்போயிருக்கிறதாம். கனமான சத்தங்கள் முதலில் போகுமாம். பக்கத்தில் நின்று கத்துகிற பேச்சு மிஞ்சுமாம். நிறுத்தின இன்ஜினில் கேட்ட அந்த 'டும் டும்' பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அது என் நெஞ்சுதானாம். வெளிச் சத்தம் அடைபட்டால் உள்சத்தம் பெரிதாகுமாம். அன்றைக்கு நான் மூச்சைப் பிடித்தபோதும் பயந்தபோதும் அது வேகமெடுத்தது ஞாபகம் வந்தது. காதில் மாட்டுகிற மெஷின் எழுதிக் கொடுத்தார். அதில்லாமல் இனி நான் தனியாக எந்த வண்டியையும் சரி என்று அனுப்பலாமா என்று கேட்டேன். ஒளிக்காமல் பதில் சொன்னார்: "எலும்பு இன்னும் டியூட்டியில இருக்கு அண்ணா, ஆனா கையெழுத்து இனிமே ரெண்டு பேரா போடுங்க."

டேனியல் சாரின் கை

இப்போது கராஜில் வேலை பிரித்துக்கொண்டோம். இரும்பு எனக்கு, காற்று தத்தாவுக்கு. நீலக் காருக்குப் புது பேரிங், கழுவின சல்லடை, பழைய கெட்டி ஆயில். டக-டக-டக திரும்பிவிட்டது என்கிறார்கள். மெஷினை மாட்டினால் எனக்கும் கேட்கிறது, தகர டப்பாவுக்குள் கேட்கிறமாதிரி.

போன வாரம் கார் வந்தது. தத்தா காற்றைக் கேட்டு முடித்தான், நான் இரும்பைக் கேட்டு முடித்தேன். டேனியல் சார் ஜன்னல் வழியாக இடது கையை நீட்டினார். டயாலிசிஸ் ஊசிக்காக முழங்கைக்குக் கீழே இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடம் கயிறுபோலப் புடைத்திருக்கும். "இதையும் கேளுங்க" என்றார். மெஷினைக் கழற்றிவிட்டுக் குனிந்து, காதுக்குப் பின்னால் எலும்பை அவர் கையில் வைத்தேன். உஸ்ஸ்-உஸ்ஸ்-உஸ்ஸ். தொலைவில், மலைக்குள் எங்கோ, நிற்காமல் ஓடுகிற ஒரு இன்ஜின். தோலுக்குக் கீழே அதிர்வு. ஒரு மனிதருக்குள் இப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தலையை எடுக்க மனம் வரவில்லை, எடுத்தால் நின்றுவிடுமோ என்று இருந்தது. தினமும் காலையில் எழுந்ததும் இதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஜெபம் செய்வாராம். என் தலையைத் தட்டி எழுப்பிவிட்டுச் சொன்னார்: "மேஸ்திரி, என் கையில சத்தம் நின்னா ஆபத்து, உங்க வண்டியில சத்தம் வந்தா ஆபத்து, ரெண்டுக்கும் நடுவுல பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கேன், பார்த்து அனுப்புங்க."

ஆகவே, பழைய காருக்கு சிந்தெடிக் நல்லதா சாதா நல்லதா என்று கேட்க வருகிறவர்கள், எனக்கு எதிரே நின்று, வாயைத் திறந்து, உரக்கக் கேட்கவும்.